காரணக் கட்டத்தில் ‘வயசு’ என்று எழுதினேன்

இது நடந்தது போன வருடத்துக்கு முந்தைய வருடம், நவம்பர் மாதம், மழை விட்டிருந்த ஒரு காலை. இடம், குமணன்சாவடி சந்திப்பில் ஒரு சின்ன மூக்குக்கண்ணாடிக் கடை. என் மனைவிக்குக் கண்ணாடி மாற்றத்தான் போனோம். ஆனால் அந்தக் கடைக்காரப் பெண் கண்ணாடி போட்டுத் தர முடியாது என்று சொல்லிவிட்டார். அதற்காக அவரிடம் நான் போட்ட சண்டையை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். இருபத்திரண்டு வயதில் ஆவடிக்கு வந்து, பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தேன். மனைவி நசரத்பேட்டைக்காரி. குவார்ட்டர்ஸிலேயே பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு, ஓய்வு பெற்றதும் காட்டுப்பாக்கத்தில் ஒரு ஃப்ளாட்டுக்குக் குடிவந்தோம். மகன் பெங்களூரில், மகள் கோவையில். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கு அப்போது எழுபத்திரண்டு, அவளுக்கு அறுபத்தெட்டு.

தொழிற்சாலையில் நான் இருந்தது, ஓடித் தேய்ந்த வண்டி எஞ்சின்களைப் பிரித்துப் பழுது பார்க்கும் பிரிவு. ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு கார்டு உண்டு. அதில் குறை, காரணம், செய்த வேலை என்று மூன்று கட்டங்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் காரணக் கட்டத்தில் சுலபமாகப் ‘பழசு’ என்று எழுதிவிடுவார்கள். எண்ணெய் ஒழுகுகிறதா, பழசு. சூடேறுகிறதா, பழசு. நான் கையெழுத்துப் போடாமல் கார்டைத் திருப்பி விடுவேன். “பக்கத்துல நிக்கிற எஞ்சினும் இதே வருசத்து எஞ்சின்தானே, அது ஏன் ஒழுகல? போய்ப் பிரிச்சுப் பாத்துட்டு வா” என்பேன். என் முதுகுக்குப் பின்னால் எனக்குப் பெயரே ‘பழசு சார்’தான். அந்தப் பெயரை மட்டும் விட்டுவிட்டு இந்தக் கதையை வீட்டில் எத்தனை தடவை பெருமையடித்திருப்பேன் என்பதற்குக் கணக்கே கிடையாது. மனைவிக்கு மனப்பாடம்.

அந்த வருடம் ஆடி முடிந்த சமயம், காலையில் எழுந்தால் தோள்பட்டை இறுக்கிக்கொள்கிறது, கையைத் தூக்க முடியவில்லை என்று அவள் சொல்ல ஆரம்பித்தாள். மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனால் கொடி எட்டவில்லை. “வயசாகுதுல்ல” என்றேன். அதற்கப்புறம் தலைவலி. நெற்றியின் இரண்டு பக்கப் பொட்டிலும் விட்டுவிட்டு வலிக்கும். நீர் கோத்திருக்கும் என்று அவளே சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டாள். தைலம் ஒரு பாட்டில் காலியானது. பொதுவாகத் தலைவலி என்று படுக்கிற ஆளே இல்லை அவள். அதையும் நான் கவனித்தேன், கவனித்துவிட்டு டிவி பார்த்தேன்.

தீபாவளிக்குச் சுட்ட முறுக்கை நாலு கடி கடிப்பாள். கீழே வைத்துவிட்டுத் தாடையைத் தேய்த்துக்கொள்வாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுப்பாள். “முறுக்குக்கும் இன்டர்வெல் விடுறியா?” என்று கிண்டல் செய்தேன். அவளுக்கு அப்போதுதான் கடைவாயில் பல் செட் பொருத்தியிருந்தார்கள். அதுதான் காரணம் என்று நானே முடிவு கட்டி, இரண்டு முறை பல் டாக்டரிடம் கூட்டிப் போய் செட்டை ராவிக் கொடுக்கச் சொன்னேன். அவரும் ராவிக் கொடுத்தார். வலி அப்படியே இருந்தது.

ஒரு விஷயத்தைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் தலையில் பூ இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. தெருமுனைப் பூக்காரம்மாவிடம் தினமும் ஒரு முழம் வாங்கிவிடுவாள். அந்த ஐப்பசியில் அதை நிறுத்திவிட்டாள். கேட்டதற்கு, “ஊக்கு பட்டாலே தல எரியுதுங்க” என்றாள். “வயசான காலத்துல பூ எதுக்குன்னு விட்டுட்டேன்னு சொல்லேன்” என்றேன் நான். அவள் உள்ளே போய்விட்டாள்.

கடைசியாக ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டேன்.

“சோத்துக்கை பக்கத்துக் கண்ணு, மேலேருந்து ஷட்டர் எறக்குனாப்ல இருட்டிகினு வந்துச்சு. இப்ப சரியாயிட்ச்சு.”

கண்ணாடி ஆறு வருடப் பழசு, பவர் ஏறியிருக்கும் என்றேன். நவம்பர் மாதமாதலால் எனக்குப் பென்ஷனுக்கு உயிர்ச் சான்று கொடுக்கும் வேலை இருந்தது. வியாழக்கிழமை கிளம்பி, குமணன்சாவடியில் கண்ணாடிக்குச் சொல்லிவிட்டு அப்படியே பூந்தமல்லி வங்கிக்குப் போய்விடலாம் என்று திட்டம் போட்டேன். திட்டம் போடுவதில் நான் கெட்டிக்காரன்.

அந்தக் கடையை நடத்துபவர் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். மனைவியை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிச் செருகிப் பார்ப்பார்களே, அந்தக் கனமான ஃபிரேமை எடுத்து மாட்டினார். அதன் காம்பு வலது பொட்டில் பட்டதும் என் மனைவி “அம்மா!” என்று அலறிவிட்டாள். ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் பெண் ஃபிரேமைக் கழற்றி வைத்தார். எழுத்துப் பலகையின் விளக்கை அணைத்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

“தலை சீவும்போது வலிக்குதாம்மா?”

“சீவறதா? தலகாணில தல வெக்க முடியலம்மா.”

“அது நீர் கோத்துக்கிட்டது” என்றேன் நான்.

“சாப்பிடும்போது?”

“மென்னுகினே இருந்தா தாட கடுக்கும். நிறுத்துனா வுட்டுரும்.”

“பல் செட் புதுசு” என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பி, “சார், கொஞ்சம் அம்மாவைப் பேச விடுறீங்களா?” என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. கண் எப்போதாவது முழுக்க இருட்டிவிட்டுத் திரும்ப வந்ததா என்று கேட்டார். முந்தாநாள் வந்தது என்றாள் மனைவி. வயது என்ன என்று கேட்டார். அறுபத்தெட்டு என்றதும் அவர் முகம் மாறியது.

“சார், நான் கண்ணாடி போடல. இவங்களை இன்னிக்கே, இப்பவே பெரிய ஆஸ்பத்திரியில காட்டுங்க.”

நாளைக்குக் காட்டுகிறேன், முதலில் பவரைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். அவர் அசையவில்லை. இந்தக் கடை வைப்பதற்கு முன்னால் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பரிசோதனைப் பிரிவில் பத்து வருடம் இருந்தாராம். இதே மாதிரி வந்த ஒரு பெரியவர், பேத்தி கல்யாணத்தை முடித்துவிட்டு வருகிறேன் என்று போனாராம். நாலு நாள் கழித்து வந்தபோது ஒரு கண் போயிருந்ததாம், அது திரும்பவே இல்லையாம்.

“நான் டாக்டர் இல்ல சார். நான் நினைக்கிறது தப்பா இருந்தா எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனா நாளைக்குன்னு சொல்லாதீங்க.”

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கண்ணாடிக் கடையில் உட்கார்ந்துகொண்டு வைத்தியம் பார்க்கிறாயா, வியாபாரம் செய்யத் தெரியாவிட்டால் கடையை மூடு என்று வாய்க்கு வந்ததைக் கத்தினேன். அவர் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டிருந்தார். அதை என்னிடம் நீட்டாமல் என் மனைவி கையில் கொடுத்தார். டோக்கன் வாங்கி உட்காராதீர்கள், இதைக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு, வாசலுக்கு வந்து அவரே ஓர் ஆட்டோவை நிறுத்தி, போரூர் பக்கம் ஆஸ்பத்திரிக்கு என்று டிரைவரிடம் சொன்னார்.

ஆட்டோ நாலு அடி நகர்ந்ததும் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். “மொதல்ல பூந்தமல்லி பேங்குக்கு விடுப்பா. பத்து நிமிசம்தான்” என்றேன். ஆஸ்பத்திரி கிழக்கே, வங்கி மேற்கே. டிரைவர் கண்ணாடியில் என் மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார். அவள் சீட்டை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

பூந்தமல்லி பஸ் நிலையத்தை நெருங்கும்போது அவள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

“இன்னாங்க, மறுபடி இருட்டிகினு வருது.”

இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். பார்த்தாள் என்று எப்படிச் சொல்வது, முகத்தை என் பக்கம் திருப்பினாள். “இப்டி மூடுனா நீங்களே இல்லீங்க” என்றாள்.

டிரைவர் என்னை எதுவும் கேட்கவில்லை. அடுத்த இடைவெளியில் வண்டியை அப்படியே வளைத்தார்.

“பேங்கு எங்கயும் ஓடிறாது நைனா. அம்மாவ கெட்டியா புட்ச்சிகினு குந்து.”

மெட்ரோ தூண்களுக்கு இரண்டு பக்கமும் நெருக்கியடித்துக்கொண்டு வண்டிகள். அவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. அந்த வழி முழுக்க நான் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். இந்தக் கண் போனால் அதற்கு நான் ஒருவன்தான் காரணம் என்று தோன்றியது. மூன்று மாதம் அவள் சொன்னது ஒவ்வொன்றும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. தோள், தலை, தாடை, பூ. காட்டுப்பாக்கத்தில் எங்கள் தெருமுனையைத் தாண்டும்போது, “வெளுத்துகினு வருதுங்க, தூண் தெரியுது” என்றாள். நான் அழுதுவிட்டேன். ஆட்டோவில் அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை.

ஆஸ்பத்திரியில் அந்தச் சீட்டைப் படித்த நர்ஸ் எங்களை உட்காரக்கூட விடாமல் உள்ளே அழைத்துப் போனார். டாக்டர் சின்ன வயதுக்காரர். மனைவியின் பொட்டில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தார். பிறகு என் விரலைப் பிடித்து என் பொட்டிலேயே வைத்தார். நாடி துடித்தது. அதே விரலை அவள் பொட்டில் மெதுவாக வைக்கச் சொன்னார். தோலுக்கு அடியில் ஒரு கயிறு தடித்துக் கிடந்தது. துடிப்பு இல்லை. எத்தனையோ எஞ்சின்களைக் கைவைத்துச் சோதித்தவன் நான், வீட்டில் ஒரு விரல் வைத்துப் பார்த்ததில்லை.

இரத்தம் எடுத்தார்கள். உடம்பில் வீக்கத்தைக் காட்டும் அளவு, நாற்பதுக்குள் இருக்க வேண்டியது, நூறைத் தாண்டியிருந்தது. பொட்டு இரத்தக்குழாயில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும், ஆனால் அதுவரை காத்திருக்க முடியாது என்று சொல்லி அப்போதே ஸ்டீராய்டு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். நாங்கள் வீட்டிலிருந்து கிளம்பி அதுவரை மூன்று மணி நேரம்கூட ஆகியிருக்காது.

டாக்டர் விளக்கினார். இது இரத்தக்குழாய் அழற்சி என்ற வகையைச் சேர்ந்த நோய். நம் உடம்பின் பாதுகாப்புப் படையே தவறிப்போய் நம் இரத்தக்குழாய்ச் சுவரைத் தாக்குகிறது. சுவர் வீங்கினால் உள்ளே வழி குறுகிவிடும். தலைத்தோலுக்கு இரத்தம் போகாததால் சீப்பு பட்டாலே எரிச்சல், தாடைத் தசைக்குப் போகாததால் மெல்லும்போது வலி, கண் நரம்புக்குப் போகாவிட்டால் பார்வை போய்விடும். தோள் இறுக்கமும் இந்த நோயோடு சேர்ந்தே வருவதுதானாம். எனக்கு உடனே புரிந்தது. ஆயில் போகிற குழாய் அடைத்தால் எஞ்சினில் முதலில் எது போகும் என்று எனக்குத் தெரியும்.

“எல்லாம் வயசானதால வர்றதுதானே டாக்டர்?” என்று கேட்டேன். எனக்கு நானே ஒரு சமாதானம் தேடிக்கொள்ளத்தான் கேட்டேன்.

“வயசாயிட்டா எல்லாருக்கும் வர்றதில்ல சார். ஆனா ஐம்பதுக்குக் கீழே இந்த வகை வர்றதே இல்லைன்னு சொல்லலாம். எழுபதை ஒட்டித்தான் அதிகம். அதனாலதான் இந்தச் சீட்டுல முதல்ல வயசை எழுதியிருக்காங்க. முப்பது வயசுக்காரர் இதே தலைவலியோட வந்தா நான் முதல்ல இதை நினைச்சிருக்க மாட்டேன்.”

இளம் வயதினருக்கும் இரத்தக்குழாய் அழற்சி வருமாம். ஆனால் அது வேறு வகை, வேறு குழாய்களில் வருமாம். சின்ன வயதுப் பெண்களுக்குக் கையில் நாடியே கிடைக்காமல் போகிற ஒரு வகைகூட இருக்கிறதாம். எந்த வயதில் வருகிறது என்பதை வைத்தே எங்கே தேடுவது என்று தங்களுக்குத் துப்பு கிடைக்கும் என்றார். வைத்தியத்திலும் வயதைப் பார்க்க வேண்டுமாம். இந்த மருந்து வயதானவர்களுக்குச் சர்க்கரையை ஏற்றும், எலும்பை மெலிய வைக்கும், தொற்று சுலபமாக ஒட்டிக்கொள்ளும். அதனால் பார்த்துப் பார்த்துக் குறைக்க வேண்டும் என்றார்.

நான் அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ‘வயது 68’ என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு. அப்புறம்தான் தலைவலி, தாடை வலி, கண், கடைசியில் ‘அவசரம்’. மூன்று மாதமாக அவளைப் பேசவிடாமல் செய்ய நான் சொல்லிவந்த அதே வார்த்தையைத்தான் அந்தப் பெண் முதல் வரியாக எழுதியிருந்தார்.

மறுநாள் காலை நான் இட்லி பார்சலோடு வார்டுக்குப் போனேன். அவள் தலையணையில் சரிந்து சாய்ந்திருந்தாள். பொட்டு தலையணையில் பட்டுக்கொண்டிருந்தது.

“வலிக்கலையா?”

“சுத்தமா இல்லீங்க. ராவெல்லாம் நல்லா தூங்கினேன்.”

இரண்டு இட்லியை நிறுத்தாமல் சாப்பிட்டாள். பிறகு பக்கத்துக் கட்டில்காரர்களுக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னாள். “எதிர் ஊட்டம்மாக்கும் என் வயசுதான். அவங்க முறுக்க நிறுத்தாம கடிக்கிறாங்களே, நீ ஏன் நிறுத்தறேன்னு அன்னிக்கே கேட்டிருக்கணும், பழசு சார்!”

அந்தப் பெயர் அவளுக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நியாயமாக எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அவள் திட்டத் திட்ட எனக்குச் சந்தோஷம்தான் பொங்கியது. கண் தெரிகிற, வாய் ஓயாத என் பெண்டாட்டி திரும்பி வந்துவிட்டாள்.

சோதனை முடிவும் டாக்டர் சொன்னபடியே வந்தது. வலது கண்ணில் கீழ் ஓரத்தில் மட்டும் ஒரு சின்ன இடம் கலங்கலாக நின்றுவிட்டது. படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள். இன்னும் ஓரிரு நாள் விட்டிருந்தால் அந்தக் கண் முழுக்கப் போய், அடுத்த கண்ணும் ஆபத்தில் இருந்திருக்கும் என்றார்கள். மாத்திரை ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது, நேரங்கெட்ட நேரத்தில் பசித்தது, கோபம் வந்தது. கோபம் என் மேல்தான். வாங்கிக்கொண்டேன். உயிர்ச் சான்றை மாதக் கடைசியில் போய்க் கொடுத்தேன். பேங்கு எங்கேயும் ஓடியிருக்கவில்லை.

வீடு திரும்பிய பத்தாம் நாள் இருவருமாக அந்தக் கடைக்குப் போனோம். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அந்தப் பெண் என்னைக் கவனிக்கவே இல்லை. நேராக என் மனைவியிடம் வந்து, முகத்தை இரண்டு கையிலும் பிடித்து, “தெரியுதாம்மா?” என்று கேட்டார். தெரியுது என்றதும் அவர் கண் கலங்கியது. நான் தட்டுத் தடுமாறி மன்னிப்புக் கேட்டேன். “பயத்துல எல்லாரும் கத்துவாங்க சார்” என்று சொல்லிவிட்டார். நான் பயத்தில் கத்தவில்லை, திமிரில் கத்தினேன். அதையும் அவரிடம் சொன்னேன்.

சரி, இப்போதாவது கண்ணாடி போடுங்கள் என்றால், மறுபடியும் மாட்டேன் என்றார்! மாத்திரையால் சர்க்கரை ஏறி இறங்கும்போது பவரும் மாறுமாம், மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று மாதம் கழித்துப் போய் அவரிடமே கண்ணாடி வாங்கினோம்.

புதுக் கண்ணாடி வாங்கிய இரண்டு நாள் கழித்து, மாலையில் கடைத்தெருவுக்குப் போய் வந்தவள் நிலைக்கண்ணாடி முன் நின்று தலை வாரினாள். கையைத் தாராளமாகத் தூக்கி, ஒரு முழம் மல்லியை வைத்து, ஊக்கைக் குத்திக்கொண்டாள். முகம் சுளிக்கவில்லை. “இன்னா பாக்குறீங்க?” என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் பால்கனிக்குப் போய்விட்டேன்.

இந்த வருடம் சித்திரையில், எங்கள் ஃப்ளாட் மாடி ஏறும்போது எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இரண்டாவது மாடியில் நின்று நின்றுதான் ஏறுவேன். ஒரு நாள் கதவைத் திறந்தவள் என்ன என்று கேட்டாள். “வயசாகுதுல்ல” என்றேன், பழக்க தோஷம்.

அவள் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். “கார்டு திரும்பிட்ச்சு. போயி காரணம் எழுதிகினு வாங்க.”

மறுநாளே டாக்டரிடம் இழுத்துப் போனாள். இரத்தம் குறைந்திருந்தது, வயிற்றுப் புண்ணில் கசிவு என்று காரணத்தைக் கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தார்கள். இப்போது மூன்று மாடியும் ஒரே மூச்சில் ஏறுகிறேன். அந்தக் கடைக்காரப் பெண் எழுதிய சீட்டு இன்னும் என் பர்ஸில் இருக்கிறது, ‘வயசாயிடுச்சு’ என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வரும்போதெல்லாம் அந்த இரண்டு கோடுகளை நினைத்துக்கொண்டு, “எப்பத்திலேருந்து வலிக்குது?” என்று கேட்க எழுபத்திரண்டு வயதுக்கு மேல் கற்றுக்கொண்டிருக்கிறேன்.